மகளை அழைத்துவந்த வண்டியின் சத்தம்

அன்று வெள்ளிக்கிழமை. காலை பத்து இருபத்திரண்டுக்கு அந்தச் சத்தம் தொடங்கியது. நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதற்கு என் மகளின் மாமியார்தான் காரணம். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்று சொல்லி, ஒத்தக்கடையில் தங்கள் வீட்டு வாசலில், கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடத்தையும் அறிவித்தபடி நின்றார்.

“பத்து இருவதாச்சு மதினி. இன்னும் என்ன தூக்குவாளிய எண்ணிக்கிட்டு இருக்கீக? வண்டிய எடுங்க.”

வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு மகளை எங்கள் வீட்டுக்கு, சமயநல்லூருக்கு, அழைத்துப்போகிற நாள். பின் இருக்கையில் அவள். அவளுக்குப் பக்கத்தில் கட்டுச்சோற்றுத் தூக்குகள். முன்னால் என் கணவர். வந்திருந்த பெண்களுக்குக் கொடுத்து மீந்த கண்ணாடி வளையல்களை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, வேறு இடம் இல்லாததால் டேஷ்போர்டின் மேல் வைத்திருந்தோம். ஓட்டுவது நான். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். கணவர் இரண்டு முறை பயிற்சிக்குச் சேர்ந்தார். இரண்டு முறையும் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டார்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் கிளம்பியது. கூடவே, முன்பக்கத்துக்குள் எங்கோ தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டு உருட்டுவதுபோல ஒரு சத்தமும் கிளம்பியது. அதற்கு அடியில் இன்னொன்று, தொண்டையைச் செருமுவதுபோல. உடனே இன்ஜினை அணைத்தேன்.

“ஏன் அமத்துனீக? பிள்ளத்தாச்சி ஏறுன வண்டிய அமத்தலாமா?”

“என்னமோ சத்தம் வருது மதினி. எறங்கிப் பாத்துட்டு…”

“எறங்குறதா? ஏறுன பிள்ளய எறக்கப்படாது. பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். என் முட்டுல வரலையா?”

பெங்களூரில் வேலையில் இருக்கும் மருமகன் கைபேசித் திரையில் முகம் காட்டிக்கொண்டிருந்தார். “அத்தை, பிரசவ நேரத்துக்குன்னு ஒரு டாக்சி சொல்லி வச்சிரட்டா? வலி வந்தா ஒரு போன் போட்டாப் போதும்” என்றார்.

“நம்ம வண்டி வாசல்ல நிக்கிறப்ப எதுக்கு மாப்ள?” என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மறுபடியும் சாவியைத் திருப்பிக் கிளம்பினேன். ராகுகாலத்துக்கு முன்னால் தெருமுனையைத் தாண்டியாயிற்று.

அந்த வண்டி நாங்கள் வாங்கும்போதே இன்னொரு குடும்பத்துக்கு உழைத்து முடித்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும்போது வீட்டுக்கு வந்தது. கதவு ஒன்றை வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் நீளத் திறப்பின் சல்லடை உடைந்து விழுந்து நாளாயிற்று, யாரும் மாற்றவில்லை. ஆனால் அதுவரை ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது மட்டும் போதவில்லை. மகளுக்கு ரத்தக் கொதிப்பு கூடுதலாக இருந்தது. மதுரை நகருக்குள் நாங்கள் காட்டிவந்த மருத்துவமனையில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மத்தவங்க மாதிரி வலி கூடட்டும்னு வீட்ல உக்காந்திருக்காதீங்க. முதல் வலிக்கே கிளம்பி வந்துடணும். தாமதமானா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து” என்று சொல்லியிருந்தார். சமயநல்லூரிலிருந்து மருத்துவமனைக்குப் பரவை வழியாகத் திண்டுக்கல் சாலையில் போக வேண்டும். காலை நேரத்தில் அந்தச் சாலை எப்படி அடைத்துக் கிடக்கும் என்று அதில் போகிறவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் அந்தத் தூரத்தைப் படுக்கையில் படுத்துக்கொண்டுகூட மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒத்தக்கடையிலிருந்து வீடு வந்து சேரும்வரை சத்தமும் கூடவே வந்தது. என் கணவர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலமெல்லாம் பேருந்தில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் போய்வந்தவர். அதனால் இன்ஜின் பற்றித் தனக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

“கிணுகிணுன்னு வருது பாரு, அது வால்வு.”

“கிணுகிணு உங்க மக கையி. அதுக்கு அடியில கரகரன்னு ஒண்ணு வருது. அதக் கேளுங்க.”

“எனக்குக் கிணுகிணுதான் கேக்குது.”

உண்மையில் மகளின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரு கடையே குலுங்கியதுபோல இருந்தது. இதில் எது இன்ஜின், எது டேஷ்போர்டு, எது மகள் என்று எப்படிப் பிரிப்பது? “கொஞ்ச நேரம் கைய ஆட்டாம இரு” என்றேன்.

“கையக் கட்டி வாயப் பொத்தவா டீச்சர்?” என்றாள் பின்னாலிருந்து.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். அவளுக்கு அது எப்போதும் கேலி.

மறுநாளே சமயநல்லூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கணவரும் உடன் வந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது நான், சாவி என் கையில், சத்தம் வருகிறது என்று சொன்னதும் நான். மெக்கானிக் என்னைத் தாண்டிப் போய் என் கணவரிடம், “சொல்லுங்க சார், என்ன கம்ப்ளைண்ட்டு?” என்றார்.

கணவர் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினார்.

“டர்ர்ர்ருன்னா சார், இல்ல கிர்ர்ர்ருன்னா?”

“ரெண்டுக்கும் நடுவுல. கடகட, கிர்ர்ர்.”

“இப்பிடியா? கடக்… கடக்… கிர்ர்ர்ர்.”

“அம்புட்டு இழுவை இல்ல.”

இருவரும் மாறி மாறிக் குரல் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள். நான் இருவரையும் விலக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வகுப்பில் ஆட்டம் போட்டுவிட்டுத் தலைமையாசிரியர் வந்ததும் கைகட்டி நிற்கும் பையனைப்போல வண்டி அமைதியாக நின்றது. கடகட இல்லை. இருந்ததெல்லாம் அந்த மெல்லிய செருமல் மட்டும். அதுவும் சாலையில் லாரி போனால் கேட்காது.

“வண்டி நல்லாத்தான இருக்கு” என்றார் மெக்கானிக். ஆனாலும் நீளமான ஒரு திருப்புளியை எடுத்து, அதன் முனையை இன்ஜினில் அங்கங்கே ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார். ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றார். “வாட்டர் பம்ப்பு பேரிங்கு லேசா உறுமுற மாதிரி இருக்கு சார். ஆனா இந்த வயசு வண்டி எல்லாமே இப்பிடித்தான் உறுமும். ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. காலைல ஆறிக் கெடக்குற இன்ஜின்ல கேட்டாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். பம்ப்புத்தான்னா டவுன்ல இருந்து பொருள் வரணும், ரெண்டு மூணு நாள் ஆகும்.”

இன்ஜின் சூடேறிவிடாமல் தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்ப் அது. அது நின்றால் வண்டி நிற்கும். அதுவரை எனக்குப் புரிந்தது.

“வண்டிய எப்பிடி விட்டுட்டுப் போறது? வீட்ல நெறமாசப் பிள்ள இருக்கா” என்றேன்.

“அப்ப பிள்ள பெறந்ததும் கொண்டாங்க டீச்சர்.”

“பிள்ள பெறக்கத்தான் வண்டியே வேணும்.”

“அப்ப விட்டுட்டுப் போங்க.”

“நான் விட்டுட்டுப் போன அன்னிக்கே வலி வந்துச்சுன்னா?”

“அப்ப எடுத்துட்டுப் போங்க” என்றார் அவர், எனக்குச் சாதகமாகப் பேசுகிற பாவனையில்.

எடுத்துக்கொண்டு வந்தேன். வண்டியை நம்ப முடியாததால் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்க்க விட்டால் வண்டி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். கணவரிடம் சொன்னால், “நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவ” என்றார். மகளிடம் சொன்னால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆகவே அதிகாலையில் எழுந்து, ஆறிக் கிடக்கும் வண்டியைக் கிளப்பி, சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். மத்தியானம் அவரிடமிருந்து பதில் வந்தது. “டீச்சர், நல்லாக் கேட்டுப் பாத்துட்டேன். கோழி கூவுறது மட்டும்தான் கேக்குது.”

மறுநாள் கோழி கூவி முடித்தபின் பதிவுசெய்தேன். அதற்குள் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். பாடம் நடத்துகிறேனே ஒழிய, நான் ஏன் அதன்படி செய்து பார்க்கவில்லை? மகளை வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். வண்டிக்குள்ளிருந்த தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை, எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இன்ஜினை ஓடவிட்டேன். கடகட வந்தது. உள்ளே காற்று வீசும் விசிறியை அணைத்தேன். கடகட நின்றது. விசிறியைப் போட்டேன். கடகட. அணைத்தேன், நின்றது. மெக்கானிக்கிடம் போன அன்று விசிறியைப் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“விசிறிக் குழாய்க்குள்ள என்னமோ கெடக்கு!” என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

கணவர் துணி மாட்டும் கம்பி ஒன்றை வளைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்குக் கீழே சல்லடை உடைந்த அந்தத் திறப்புக்குள் கம்பியை விட்டு நெடுநேரம் துழாவினார். வியர்த்து ஒழுகினார். பிறகு ஒரு கொக்கியில் மாட்டி மேலே வந்தது ஒரு பச்சைக் கண்ணாடி வளையல். முழுசாக. வளைகாப்பன்று தாம்பாளத்திலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்கிறது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாத்துச் சிரி, பாத்துச் சிரி” என்று சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு சிரித்தேன்.

வளையலைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். மெக்கானிக் உடனே கூப்பிட்டார். “அட, இதுக்குத்தான் இம்புட்டு அலப்பறையா டீச்சர்! பம்ப்ப மறந்துருங்க. வளையல்தான்.” மருமகன் கைதட்டுகிற பொம்மைப் படங்களாக அனுப்பினார். அடுத்து மகளின் மாமியார் அழைத்தார்.

“ஒடையாமயா இருந்துச்சு மதினி?”

“கீறல்கூட இல்ல மதினி.”

“அம்புட்டு உருண்டும் கண்ணாடி வளையலு ஒடையலைன்னா, ஆத்தா கூடவே இருக்கான்னு அர்த்தம். அதக் கழுவி பிள்ள கையில போட்டு விடுங்க. இனி அந்த வண்டிய எவன்கிட்டயும் குடுக்காதீக. அதுலதான் அவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

கழுவி, சாமி படத்துக்கு முன்னால் ஒரு பொழுது வைத்து, மகளின் கையில் போட்டுவிட்டோம்.

கடகட போய்விட்டது. செருமல் போகவில்லை. மறுநாள் கடைக்குப் போகும்போது அதைக் கேட்டேன். விசிறியை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடியது, விட்டால் குறைந்தது. கணவரிடம் சொன்னேன்.

“இன்னொரு வளையல் கெடக்கும்” என்றார்.

அதன்பிறகு வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் பதில். இன்னொரு வளையல் கிடக்கும். விசிறி ஓடாதபோது வரும் சத்தத்துக்கு விசிறிக் குழாயில் கிடக்கும் வளையல் எப்படிக் காரணமாகும் என்று என் வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்டிருந்தால் அவனைப் பாராட்டியிருப்பேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நான் தாம்பாளத்தில் மீதமிருந்த வளையல்களை எண்ணி, மொத்தம் எத்தனை வாங்கினோம் என்று வளையல் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். கடைக்காரருக்கு நினைவில்லை.

வலி வந்தது ஒரு வேலைநாளில், காலைச் சாப்பாடு முடிந்த நேரம். நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். மகள் கை கழுவப் போனவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ம்மா” என்றாள். பை முன்பே கட்டி வைத்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று கணவர் ஒரு முறை கேட்டார். அது வந்து சேருவதற்குள் நாமே பாதித் தூரம் போய்விடலாம் என்றேன். மகளைப் பின் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்து, ஒரு கையால் அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளப்பினேன்.

செருமல் அன்று செருமலாக இல்லை. உறுமியது. நான் அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். பரவை காய்கறிச் சந்தைக்குப் பக்கம் வரும்போது லாரிகளும் சரக்கு ஆட்டோக்களும் சாலையை அடைத்திருந்தன. ஊர்ந்து ஊர்ந்து அதைக் கடந்து, வழி விட்டதும் வேகமெடுத்தேன். பானட்டுக்குள் சாட்டையால் அடித்ததுபோல ஒரே ஒரு அடி. உறுமல் நின்றுவிட்டது. ஒரு கணம் அந்த அமைதி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்குள் எனக்கு முன்னால் பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சூட்டைக் காட்டும் முள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறி ஏறி மேல்கோட்டைத் தொட்டது. பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. பாதிச் சாலையை மறித்தபடி நிறுத்த மட்டும்தான் முடிந்தது.

“என்னாச்சும்மா?” என்றாள் மகள்.

“ஒண்ணும் இல்ல. ஆம்புலன்ஸ் வருது” என்றேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நான் பேசி முடிப்பதற்குள் எங்கிருந்துதான் வந்தார்களோ, ஒரு கூட்டம். எல்லோரும் பானட்டைச் சுற்றி. யாரோ அதைத் திறந்தும்விட்டார்.

“பெல்ட்டு அத்துக்கிட்டுப் போயிருச்சு.”

“பெல்ட்டு மட்டும் இல்லண்ணே, அங்க பாருங்க, பம்ப்பு பல்லக் காட்டுது.”

“தண்ணிய ஊத்துங்கப்பா.”

“கொதிக்கிற இன்ஜின்ல ஊத்தாத, வெடிச்சிரும்!”

“மின்னாடியே சத்தம் வந்திருக்குமே? சத்தம் வரலையா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல என் கணவர் முன்னால் போனார். “வந்துச்சுண்ணே. மொதல்ல கடகடன்னு. அது வளையலு. அப்பறம் ஒண்ணு வந்துச்சு, எப்பிடின்னா…” என்று சொல்லி வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினார். கூட்டத்தில் ஒருவர், “கிர்ர்ருன்னா? இல்ல, ஙொர்ர்ருன்னா?” என்று கேட்டார்.

பின் இருக்கையில் என் மகள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறதம்மா என்றாள். ரத்தக் கொதிப்பு ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கதவு உள்ளேயிருந்து திறக்காத பக்கம் அவள் சாய்ந்திருந்தாள். நான் சுற்றிவந்து வெளியிலிருந்து திறந்தேன். கூட்டத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பறையில் உயர்த்தாத குரலை அன்று உயர்த்தினேன்.

“வண்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும்! இங்க ஒரு பிள்ள துடிச்சுக்கிட்டு இருக்கா, அவளப் பாருங்கய்யா!”

எல்லோரும் திரும்பினார்கள். உண்மையாகவே அதுவரை பார்த்திருக்கவில்லை. அதன்பின் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து மகளின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். இரண்டு பேர் சாலையில் இறங்கி லாரிகளை ஒதுக்கி வழி ஏற்படுத்தினார்கள். கணவர் கையில் குடையோடு, விரிக்க மறந்து, நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவர் ஏன் அவ்வளவு நேரம் பானட்டுப் பக்கமே நின்றார் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். நான் ஏறினேன். அதிலிருந்த பெண் மகளின் கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார். எண்ணைச் சொல்லாமல் ஓட்டுநரைப் பார்த்து, “கொஞ்சம் வெரசாப் போண்ணே” என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனை வாசலிலேயே அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். டாக்டரம்மா நடந்துகொண்டே, “முதல் வலிக்கே வரச் சொன்னேனே?” என்றார். “முதல் வலிக்குத்தான் கிளம்புனோம்” என்றேன். அவர் நிற்கவில்லை. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், காத்திருக்க முடியாது என்றார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கதவு மூடியது. மகளின் கையிலிருந்து கழற்றிய வளையல்களை ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

“சாவி எங்க?” கணவர்.

என் வலது கையைப் பார்த்தேன். கார் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து விரல்களைப் பிரிக்கவே இல்லை.

“எங்கிட்டதான் இருக்கு.”

“ஸ்டியரிங் பூட்டிக்கிருச்சு. வண்டிய நகட்ட முடியல. போலீஸ்காரரு வந்து திட்டுறாரு.”

“திட்டட்டும்.”

“பிள்ள எப்பிடி இருக்கா?”

“உள்ள இருக்கா. போன வையுங்க.”

அடுத்தது மெக்கானிக். சம்பவ இடத்துக்கு வந்துவிட்டாராம். சாவி இல்லாமல் இழுக்க முடியாதாம். அடுத்தது மகளின் மாமியார், ஒத்தக்கடையிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தார். மாட்டுத்தாவணியில் வண்டி நகரவில்லை என்று அழுதார். அடுத்தது மருமகன், விமான நிலையத்துக்குப் போகும் வழியில். மறுபடியும் கணவர். “சாவிய யார்கிட்டயாச்சும் குடுத்து விட முடியுமா?” யாரிடம் கொடுத்து விடுவது? அந்த நடைபாதையில் எனக்குத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்? போனைத் தரையில் வீசி உடைத்துவிடலாம்போல இருந்தது. ஆனால் அது அடிக்காமல் இருந்த இடைவெளிகளைத் தாங்குவது அதைவிடக் கடினமாக இருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய ஒன்றை ஏந்தி வந்தார். பெண் குழந்தை. “அவ?” என்றேன். குழந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை. “நல்லா இருக்காங்கம்மா. பிரஷர் மட்டும் இன்னும் எறங்கல. கொஞ்ச நேரம் உள்ள வச்சுப் பாப்பாங்க. கண்ணு முழிச்சுட்டாங்க, உங்களத்தான் கேட்டாங்க.” அப்போதுதான் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். இதை எழுதும்போதும் எங்காவது ஒரு வண்டி உறுமினால் பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுக்கிறேன்.

நடைபாதையின் மறுமுனையில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்தார். கணவராக இருக்கும் என்று எழுந்தேன். மெக்கானிக். சாவிக்காகப் பரவையிலிருந்து பைக்கில் வந்திருந்தார். கணவர் அங்கே போலீஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வண்டிக்குக் காவல் நிற்க, பேத்தியை எங்கள் பக்கத்தில் முதலில் பார்க்க வந்த ஆள் இவராகிப்போனார். கிட்டே வரவில்லை. கையெல்லாம் கிரீஸ் என்று முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“தாயும் பிள்ளையும்?”

“நல்லா இருக்காங்க.”



“பம்ப்புதான் டீச்சர். பேரிங்கு செதறி பெல்ட்டத் தூக்கி வீசிருச்சு. நானும்தான் அந்த வளையலப் பாத்துட்டுச் சிரிச்சேன்” என்றார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, “ரெண்டு மூணு நாள்ல வண்டி ரெடியாயிரும். ஆனா இவுக ரெண்டு பேரும் வீடு போய்ச் சேருற வரைக்கும் தர மாட்டேன். நீங்க கேட்டாலும் தர மாட்டேன், சார் கேட்டாலும் தர மாட்டேன். நல்ல ஆட்டோவாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. சாவியக் குடுங்க” என்றார்.